இரண்டு விரல் துணி

என் மனைவியைப் பற்றி நானே எழுதினால் ஊர் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். தக்காளி வண்டி ஓட்டுகிற குருவுக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்களும் கேட்டுவிட்டுப் போகட்டும். போன வருஷம் சோபனாவைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் கூடவே இருந்து பார்த்தவன் ஒருவன் நடந்ததை நடந்தபடி சொல்லலாம் அல்லவா? அதற்குத்தான் இது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை விட்டுச் சர்வீஸ் ரோட்டில் இறங்கினால், ஒரு பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே அவளுடைய தையல் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை சின்னதுதான். லாரிகள் கிளப்பும் தூசியில் எழுத்து பாதி தெரியாது. ஆனால் கல்யாண மாதங்களில் வாசலில் நிற்கும் செருப்பைப் பார்த்தால் கோயில் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஜாக்கெட் தைக்க வருகிற எந்தப் பெண்ணும் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் கொண்டு வருவாள் இல்லையா? அதை வாங்கியதும் சோபனா செய்கிற முதல் வேலை, உள்பக்கம் வெளியே வருமாறு அதைத் திருப்பிப் பார்ப்பது. கழுத்தையும் பார்க்க மாட்டாள், கையையும் பார்க்க மாட்டாள். பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பாள். இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை பெற்று உடம்பு பூரித்தாலும், நாலு வருஷம் கழித்து எடுத்தாலும், தையலைப் பிரித்துப் பெரிதாக்கிப் போட்டுக்கொள்ளலாம். அவசரத் தையல்காரர்கள் அந்தத் துணியை வெட்டி எறிந்துவிட்டு ஓரத்தில் தையல் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

"உள்ள துணி வுடாம தெச்சவ, இன்னிக்குப் போட்டுக் காட்டறதுக்கு மட்டும் தெச்சவ" என்பாள். அவள் மனிதர்களையும் இப்படியேதான் பார்க்கிறாள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, வழக்கமாகக் கடைக்கு வரும் பெண்கள் போனில் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள். கை எப்படி வெட்டுவது, கழுத்து ஏன் தூக்குகிறது என்று. ஒவ்வொருத்திக்கும் சொல்லி வாய் வலித்துப்போய், அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோ எடுத்து, 'சோபனா கட்டிங்' என்று ஒரு சேனலில் போட்டாள். வெளிச்சத்துக்கு நான் வண்டியின் ஹெட்லைட் பல்பைக் கழற்றி, பழைய பேட்டரியில் மாட்டிக் கொடுத்தேன். அப்படித் தொடங்கியது, வகுப்புகள் நடத்துவதற்கென்றே இருக்கிற ஒரு செயலியில் முழுப் பாடமாக வளர்ந்துவிட்டது. துணியை மடிப்பதில் இருந்து கல்யாணப் பட்டு ஜாக்கெட் வரை. அத்தனையும் எங்கள் ஊர்ப் பேச்சில். "கேமரா முன்னாடி சுத்தத் தமிழ் பேசினால் நன்றாக இருக்குமே" என்று ஒரு படித்த உறவுக்காரர் அறிவுரை சொன்னார். "வெட்டறது நம்மூருப் பொண்ணு, நம்மூருப் பேச்சுலயே வெட்டட்டுங்க" என்று முடித்துவிட்டாள்.

பாடம் தயார். அதை விற்பது யார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

இணையத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. நம் பாடத்தைப் பற்றி நாலு பேருக்குச் சொல்கிறவர்களுக்கு ஆளுக்கொரு லிங்க் கொடுப்பது. அந்த லிங்க் வழியாக யாராவது சேர்ந்தால் சொன்னவருக்குக் கமிஷன். மாட்டுச் சந்தையில் தரகர் இல்லையா, அதுதான். சந்தையிலேயே நல்ல தரகனைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. முகமே தெரியாத இணையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வந்தவர் சிவக்குமார் என்று ஒரு சேனல்காரர். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற சேனல். கார் விளம்பரம் போடுவார், மறுநாள் மூட்டு வலி எண்ணெய் விளம்பரம் போடுவார். அவரே தேடி வந்து பேசியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சோபனாவும் சம்மதித்தாள். அவர் போட்ட விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. 'பத்தே நாளில் டிசைனர் ஆகலாம், வேலைக்கு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். சோபனா எங்கேயும் சொல்லாத வார்த்தைகள். நம்பிச் சேர்ந்த பெண்கள் பத்து நாள் கழித்து வேலை எங்கே என்று கேட்டார்கள். சேர்ந்தவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோபனா அவருக்குப் போன் போட்டாள்.

"சார், நீங்க ஊசியில நூல் கோத்திருக்கீங்களா?"

"அதுக்கு எதுக்குங்க நானு? நமக்கு ரீச்தானே முக்கியம்?"

"அப்ப சரிங்க. என் லிங்க்க எடுத்துருங்க."

அவ்வளவுதான். லட்சம் பேர் பார்க்கிற ஆளை ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் வந்த வெண்ணெயை வழித்துத் தெருவில் போட்டுவிட்டாளே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் தன் சட்டத்தைச் சொன்னாள். இனிமேல் லிங்க் கேட்கிறவர்கள் முதலில் தன் பாடத்தைப் பார்த்து ஒரு ஜாக்கெட் தைத்து அனுப்ப வேண்டும். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

கேட்டவர்களில் பாதிப் பேர் அதோடு ஓடிப் போனார்கள். மீதிப் பேர் கூரியரில் அனுப்பினார்கள். கண்ணைப் பறிக்கிற கல் வேலையோடு வந்த ஜாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்து, "உள்ள நூலா தொங்குது" என்று ஒதுக்கினாள். கடைசியில் தேறியவர்கள் ஒரு கைப்பிடிதான். அதில் காரிமங்கலத்து நிர்மலாதேவி ஒருத்தி. வாரச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள், வாய்க்காரி, வேலையும் சுத்தம். இன்னொருத்தி வத்தல்மலை ஜெயபிரியா. சாமை விதைத்து அறுத்த நேரம் போக, மலைக் கிராமத்துப் பெண்களுக்கெல்லாம் தைக்கிறவள். அவள் அனுப்பியது சாதாரணப் பருத்தித் துணி, ஒரு பூ வேலைகூடக் கிடையாது. சோபனா அதைத் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க, ரெண்டு விரல். அளந்து வெச்ச மாதிரி."

எனக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? தலையை ஆட்டினேன்.

ஜெயபிரியாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஊருக்கு வெளியே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் போன் பேசவே முடியும். பாடம் ஓடாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆகவே சோபனா எல்லாப் பாடங்களையும் ஒரு மெமரி கார்டில் போட்டு அவளுக்கு அனுப்பிவைத்தாள். மலைப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து அவள் அதைப் போட்டுக் காட்டுவாள். வேறு யாருக்கும் அப்படிக் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு கணக்கு ஒரு போனில்தான் திறக்கும் என்று செயலியில் பூட்டுப் போட்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகள் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நான். சீர் வரிசையில் குறை வைக்க முடியுமா? பட்டுப்புடவை, பழத்தட்டு, வளையல் எல்லாவற்றோடும் ஒரு தையல் மெஷினையும் மேளதாளத்தோடு தூக்கிக்கொண்டு போனோம். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று பிறகு தெரியும்.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். பாலக்கோட்டில் இருந்து ஒரு பெண் போனில் சோபனாவைக் கிழிகிழியென்று கிழித்தாள். "உங்க வகுப்பப் பாத்துத்தான் வெட்டினேன். கல்யாணப் பொண்ணோட பட்டு ஜாக்கெட்டு. பத்தலைங்க. பிரிச்சு வுடலாம்னு பாத்தா உள்ள துணியே இல்ல. என் பொழப்பே போச்சு. நீங்கெல்லாம் ஒரு டீச்சரா?"

சோபனாவுக்கு நம்ப முடியவில்லை. துணி விடுவதற்கென்றே ஒரு முழுப் பாடம் நடத்தியிருக்கிறாள். அதைப் பார்க்காமல் அடுத்த பாடம் திறக்காது. மெதுவாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் சேர்ந்தது எங்கள் வகுப்பில் இல்லை. செய்தி அனுப்புகிற வேறொரு செயலியில் ஏதோ ஒரு குழுவில், டீ காப்பி குடிக்கிற காசுக்கு, 'சோபனா கட்டிங் முழு வகுப்பு' என்று விற்றிருக்கிறார்கள். என் மனைவியின் முகம், என் மனைவியின் குரல், என் ஹெட்லைட் வெளிச்சம். அளவைக் குறைப்பதற்காக நடுநடுவே பாடங்களை வெட்டித் தூக்கியிருந்தார்கள். அப்படிப் போனவற்றில் ஒன்று அந்த இரண்டு விரல் பாடம்.

அடுத்த வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன்களுக்கு நெய்யும் அடுத்த வீடு, கையும் அடுத்த வீடு. எனக்கு வந்த கோபத்துக்கு, யார் என்று தெரிந்தால் தக்காளிக் கூடையால் அடித்திருப்பேன். யாரென்று தெரிந்தால்தானே! குழுவை நடத்துகிறவனின் படம் இருந்த இடத்தில் ஒரு சிங்கம் இருந்தது. சோபனா அந்தச் செயலிக்காரர்களுக்குப் புகார் அனுப்பினாள். அந்தக் குழுவை மூடினார்கள். மறுவாரம் அதே சிங்கம் வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு போன் அடித்தாலே சோபனா பயந்தாள். ஊத்தங்கரையில் ஒருத்தி, பென்னாகரத்தில் ஒருத்தி என்று திட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள்கூட, "உன் வகுப்பப் பாத்துத் துணிய வீணாக்கிட்டாங்களாமே" என்று விசாரித்தார்கள். போனது காசு இல்லை. இத்தனை வருஷம் உள்ளே துணி விட்டு விட்டுச் சேர்த்த பெயர்.

லிங்க் வைத்திருந்த பெண்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும்தானே தங்கள் ஊரில் தங்கள் வாயால் சொல்லி ஆள் சேர்த்தவர்கள்? எல்லோரும் சேர்ந்த ஒரு வீடியோ பேச்சில் நிர்மலாதேவி நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, நான் மறைச்சுப் பேசமாட்டேன். எங்க கையில வீடியோவே இல்ல. முழு வகுப்பும் கையில வெச்சிருக்கிறது ஒருத்திதான். மலைக்காரி. கார்டு அவகிட்டத்தான இருக்குது? அவள எடுங்க. இல்லன்னா நாங்க எல்லாரும் வெளகிக்கிறோம்."

ஜெயபிரியா அந்தப் பேச்சில் இல்லை. பாறையில் ஏறினாலும் வீடியோ வராது. இல்லாதவளைப் பேசுவது எவ்வளவு சுலபம்! மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருத்தியை நீக்கினால் மீதிப் பேர் நிற்பார்கள், விட்டால் எல்லாரும் போவார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்தக் கணக்குக்கூடவா தெரியாது?

சோபனா அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான். "தையல் எங்க வுட்டிருக்குதுன்னு திருப்பிப் பாக்காம நான் கத்திரி எடுக்க மாட்டேன். ஒரு வாரம் பொறுங்க."

பேச்சு முடிந்ததும், "ரெண்டு விரல் துணி வுட்டவ திருட மாட்டாளுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது?" என்று நான் கத்தினேன். "எந்தச் சட்டத்துலயும் இல்லைங்க" என்றாள். பிறகு அந்தச் சிங்கத்துக்கே காசு கட்டித் தன் பாடத்தைத் தானே வாங்கினாள். திருட்டுப் பொருளைச் சொந்தக்காரியே காசு கொடுத்து வாங்கிய கூத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். கடை வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரோ போனில் பாடத்தை ஓடவிட்டு, அந்தத் திரையையே படம் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்தின் தலையையும் கவனமாக நறுக்கியிருந்தார்கள். கை வெட்டுகிற பாடத்தில் மட்டும் கொஞ்சம் அசந்துவிட்டார்கள்.

"என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

திரையை நிறுத்திக் காட்டினாள். எங்கள் வகுப்பில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும், யாருடைய கணக்கோ அவர்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வரும். அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதில் தெளிவாக எழுதியிருந்தது: 'வணக்கம், அய்சு பாப்பா.'

உலகத்தில் ஐஸ்வர்யாக்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அய்சு பாப்பா என்று சோபனா கைப்படப் பெயர் போட்டுக் கொடுத்தது ஒருத்திக்குத்தான். என் தங்கை மகளுக்கு. தாய்மாமன் சீரில் தையல் மெஷினோடு சேர்த்து, முழு வகுப்பையும் கொடுத்திருந்தோம். அந்தக் கணக்குக்கு மட்டும் ஒரே போன் என்ற பூட்டைப் போடவில்லை. போகிற வீட்டில் மாமியாரும் நாத்தனாரும்கூடப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், சீரில் போய்ப் பூட்டுப் போட்டுக் கொடுப்பார்களா என்று சோபனாதான் சொன்னாள்.

வத்தல்மலைக் கார்டில் இந்த வணக்கமே கிடையாது. அது வெறும் பாடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டாரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று கிளம்பினேன். சீர் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமா? சோபனா வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"புதுசாப் போன பொண்ணு. நீங்க போய் அந்த வூட்டுல நின்னு திருடின்னு சொன்னா, நாளைக்கு அவ எப்படித் தலை நிமிருவா? இன்னொண்ணும் பாக்கணும். அந்தக் கல்யாண வீடியோவப் போடுங்க."

"கல்யாண வீடியோவுல என்ன இருக்கும்?" என்றேன். பெங்களூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று கல்யாணத்தை நேரலையாக விட்டிருந்தார்கள். அது அப்படியே இணையத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் மண்டபத்தில் சீர் வைத்தால் மைக்கில் வாசிப்பார்கள். இன்னார் வைத்த சீர் இன்னது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். தாய்மாமன் சீர் என்றால் இரண்டு தடவை. மைக்கைப் பிடித்திருந்தவர் என் பெரியப்பா மகன் மாதேஸ்வரன். எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தை விட்டாலும் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர். வீடியோவில் நாங்கள் மேளத்தோடு வருகிறோம். மெஷினை மேடையில் இறக்குகிறோம். மெஷின் மேல் சோபனா ஒட்டிவைத்த அட்டையை மாதேஸ்வரன் அண்ணன் எடுக்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"தாய்மாமன் குரு, சோபனா வைத்த சீர்! பட்டுப்புடவை ஒன்று! தையல் மெஷின் ஒன்று! ஆன்லைன் தையல் வகுப்பு ஒன்று! யூசர் நம்பர்..."

நம்பர் முழுவதையும் வாசித்தார். பாஸ்வேர்டையும் வாசித்தார். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று பிரித்துப் பிரித்து வாசித்தார். தாய்மாமன் சீர் ஆயிற்றே, மறுபடியும் முதலில் இருந்து இன்னொரு தடவை, இன்னும் நிதானமாக. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. மண்டபம் கை தட்டுகிறது. முதல் வரிசையில் பட்டு வேட்டியோடு நின்று, எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டுகிறவன் யார் என்று பார்த்தால், அது நான்.

சோபனா வீடியோவை நிறுத்தினாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அதில் கொஞ்சம் நிஜமான அழுகையும் இருந்தது.

அந்த மண்டபத்தில் இருந்த யாரோ, அல்லது நேரலையைப் பார்த்த யாரோ. யார் என்று இன்றுவரை தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. அன்றே அந்தக் கணக்கை மூடினாள். வீடியோவில் அந்த இடத்தை நீக்கச் சொன்னாள். ஐஸ்வர்யாவுக்குப் பூட்டோடு வேறு கணக்கு கொடுத்தாள். மாதேஸ்வரன் அண்ணனிடம் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மாதம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஒரு வாரம் முடிந்தது. பழியை யார் மேலாவது போட்டுத் தப்பிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. செயலியில் ஓட்டை என்று சொல்லலாம். யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று சொல்லலாம். இந்தக் காலத்தில் அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் அதைத்தான் சொல்லச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஜெயபிரியாவை மலையில் இருந்து கீழே வரவழைத்தாள். கடையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எல்லோரையும் வீடியோவில் கூப்பிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. ஓட்டை யாருகிட்டயும் இல்ல. என்கிட்டத்தான். நான் சீர்ல குடுத்த கணக்கு. பூட்டுப் போடல. அட்டையில எழுதி மெஷின் மேல ஒட்டுனதும் நாந்தான். உங்க பேரு கெட்டுதுன்னா அது என்னாலதான். போறவங்க போகலாம், எனக்கு வருத்தமில்ல. ஆனா இவளச் சொன்னீங்க பாருங்க, அத மட்டும் இவ முன்னாடி திருப்பி வாங்கிட்டுப் போங்க."

இதைத்தான் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி என்பதால் சொல்லவில்லை. நான் பார்த்த ஆண்களிலும் பெண்களிலும், தன் தவறைத் தன் ஆட்கள் முன் இப்படி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டியவர்கள் அதிகம் இல்லை.

முதலில் வாயைத் திறந்தது நிர்மலாதேவிதான்.

"ஜெயா, தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு."

ஜெயபிரியாவுக்கு அதுவரை தன்னைச் சந்தேகப்பட்டதே தெரியாது. சோபனாவையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, "அது கெடக்குதுங்கக்கா. அந்தப் பாலக்கோட்டுப் பட்டு ஜாக்கெட்ட என்ன பண்ணினாங்க? அக்குள் பக்கத்துல அதே கலர்ல துண்டு வெச்சுத் தெச்சா வெளிய தெரியாது. என்கிட்ட அனுப்பச் சொல்லுங்க, நான் பண்ணிக் குடுக்கறேன்" என்றாள்.

அவளுக்கு அந்தக் கவலைதான் இருந்தது.

அந்த ஒரு பேச்சில்தான் மற்றதெல்லாம் பிறந்தது. சோபனா தன் சேனலில் ஒரு வீடியோ போட்டாள். திருட்டு வகுப்பை வாங்கியவர்களைத் திட்டவில்லை. "நீங்க என்னுதுன்னு நெனச்சுத்தான வாங்குனீங்க? கெட்டுப்போன ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டு உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற எங்க ஆளுகிட்டப் போங்க. சரி பண்ணிக் குடுப்பாங்க, காசு வேண்டாம். இனிமேல் என் லிங்க்குன்னு யாரு நீட்டினாலும், மொதல்ல அவங்க தெச்ச ஜாக்கெட்டத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. உள்ள ரெண்டு விரல் இருந்தா சேருங்க" என்றாள்.

சிங்கம் என்ன செய்வான்? வீடியோவைத் திருடலாம். ஜாக்கெட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவான்? குழுக்களை அவன் இன்னும் திறந்துகொண்டுதான் இருக்கிறான். சோபனாவும் புகார் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் வாங்க ஆள் குறைந்துவிட்டது. பாலக்கோட்டுப் பெண் சரியான ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனவள், பிறகு எங்கள் வகுப்பில் முறையாகச் சேர்ந்தாள். இப்போது பாலக்கோட்டில் எங்கள் லிங்க் அவளிடம்தான் இருக்கிறது. முன்பு போனில் எவ்வளவு சத்தமாகத் திட்டினாளோ, அதே சத்தத்தில் ஆள் சேர்க்கிறாள்.

போன தை மாதம் ஐஸ்வர்யாவுக்கு வளைகாப்பு. அதே தாய்மாமன், அதே சீர். மைக்கும் அதே மாதேஸ்வரன் அண்ணனிடம்தான். சோபனாவே போய்க் கூப்பிட்டிருந்தாள். மனிதர் மேடையில் கூனிக் குறுகி நின்றார். சீர்த்தட்டில் இருந்த தாளை எடுத்தவர், வாசிக்காமல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா சோபனா, இதுல எதாச்சும் பாஸ்வேர்டு கீஸ்வேர்டு இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிரு சாமி."

"இல்லைங்க மாமா. இது ஊருக்கே தெரிய வேண்டியது. ரெண்டு தடவை நல்லாப் படிங்க."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அதில் இருந்தவை பெயர்கள். அய்சுவுக்கு ஆளுக்கொரு ஜாக்கெட் தைத்துச் சீராகக் கொண்டுவந்து, எங்களோடு வரிசையில் நின்றவர்களின் பெயர்கள். பிள்ளை பெற்ற பிறகும் போடும்படி, எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தார்கள்.

"சோபனா கட்டிங் சார்பாக ஜாக்கெட் சீர்! வத்தல்மலை ஜெயபிரியா!"

மண்டபத்தின் பின் வரிசையில் ஒதுங்கி நின்றவளை நிர்மலாதேவி கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். ஜெயபிரியா கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டே, கொண்டுவந்த தட்டை அய்சுவின் மடியில் வைத்தாள். மாதேஸ்வரன் அண்ணன் அவள் பெயரை ஊர் அதிர இரண்டாம் தடவையும் வாசித்தார்.

நானும் முதல் வரிசையில்தான் நின்றேன். எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டினேன். இந்தத் தடவை எதற்குத் தட்டுகிறேன் என்று தெரிந்து தட்டினேன்.